எண்பது அட்டைகளில் ஒரு மனைவி

அத்தியாயம் 17

"உங்க விடைத்தாள் செல்லாதும்மா."

தொலைபேசியில் அந்தக் குரல் இப்படிச் சொன்னபோது கேள்விக்காரியின் ஒரு காலில் செருப்பு இருந்தது, மறு காலில் இல்லை. மணி எட்டே முக்கால். அலுவலகப் பேருந்து வர ஆறு நிமிஷம்.

"எது செல்லாது? முந்நூறு கேள்வியில ஒண்ணு விடாம எழுதியிருக்கேனே!"

"எழுதியிருக்கீங்க. உங்க வீட்டுக்காரரும் எழுதியிருக்கார். அவருக்குக் கவலை தலைக்கு மேல, பிடிவாதம் அதுக்கும் மேல. ஆனா ஒரு மனுஷன் உட்கார்ந்து எழுதினதுன்னு தெரியுது. உங்களோடதுல அஞ்சு குணத்துக்கும் கோடு நட்டநடுவுல போகுது. இருபத்திரண்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன், இப்படி ஒரு சமதளத்தை நான் பார்த்ததே இல்லை."

பேசியவர் மதிப்பீட்டு அதிகாரி. பிள்ளை வேண்டும் என்று விண்ணப்பித்தவர்களின் குணத்தை அளந்து, தத்துக் கொடுக்கும் இல்லத்தின் குழுவுக்கு எழுதிக் கொடுப்பது அந்த அம்மாளின் உத்தியோகம்.

நம் கேள்விக்காரிக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் அவள் கணவர். பொருத்தமான பெயர்தான். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் ஒரு தேர்வு வைக்கின்றனவே, 'கூட்டத்தில் இருப்பது எனக்குப் பிடிக்கும்: ஆம், இல்லை' என்று, அதில் வருகிற கேள்விகளை எழுதுவதுதான் பன்னிரண்டு வருஷமாக அவளுக்குச் சோறு போடுகிற தொழில். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக இல்லத்துக்குப் போய் நாலு வயசுப் பெண் ஒருத்தியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுகிறார்கள். பார்த்த பத்தாவது நிமிஷத்தில் காரணம் புரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. அதற்குள் கோப்பு முழுசாக இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த தம்பதிக்கு வாலு போய்விடுவாள். இன்று புதன்.

"இப்போ என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு வர்றேன். கேள்வித்தாள் இல்லை, அட்டைகள். நீங்க அடுக்கணும், உங்க வீட்டுக்காரர் உங்களைப் பத்தி அடுக்கணும், இன்னொருத்தரும் அடுக்கணும். உங்களை நல்லாத் தெரிஞ்சவங்களா, ஆனா உங்களைப் பார்த்து உருகாதவங்களா யாராவது இருக்காங்களா?"

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டு நின்ற லிஃப்ட்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"எங்க அக்கா இருக்காங்க!"

கேள்விக்காரி அவரை முறைத்த முறைப்பில் அவர் சமையலறைக்குள் போய்விட்டார்.

உருகாதவர்தான் அந்த அக்கா, கேள்விக்காரிக்கு அண்ணி, சந்தேகமே இல்லை. அடுத்த தெருவில் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர். போன வாரம் இதே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "அந்தப் புள்ளைக்கும் கேள்வித்தாள் நீட்டித்தான் பசிக்குதா இல்லையான்னு கேப்பியா?" என்றவர். அதற்கு இவள் பதிலுக்கு ஒன்று சொல்ல, அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர்தான், இன்றோடு ஆறு நாள் பேச்சில்லை. அந்த அண்ணியின் கையில்தான் இப்போது குடுமி.

பேருந்து போய்விட்டது. ஆட்டோ பிடித்து, கால் மணி நேரம் தாமதமாக அலுவலகம் போய்ச் சேர்ந்தாள்.

அவள் பொய் எழுதினாளா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. 'நான் யார் மீதும் பொறாமைப்பட்டதே இல்லை' என்று ஒரு கேள்வி வரும். 'ஆம்' என்று போட்டால் ஆள் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம், ஏனென்றால் அப்படி ஒரு மனிதர் கிடையாது. தொழிலில் இதற்குப் பொறிக் கேள்வி என்று பெயர். ஆண்டுக்கு நாற்பது பொறி அவளே வைக்கிறாள். ஆகவே அதில் அவள் விழவில்லை. குறை இல்லாதவள் மாதிரித் தெரியக் கூடாதே என்று மூன்று சின்னக் குறைகளை, வடைக்கு உப்புப் போடுகிற அளவில், ஒப்புக்கொண்டாள். மற்றதில் எல்லாம் சராசரி எங்கே என்று அவள் கைக்குத் தெரியும், அது தானாக அங்கே போய் நின்றது. ஒரு பிழைகூட இல்லாததுதான் அவள் செய்த பிழை, கேள்வி எழுதிப் பிழைக்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது வாய்க்காது.

அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு வங்கிக்காக எழுதிக்கொண்டிருந்த கேள்வித்தாளைத் திறந்தாள், மூடினாள். தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் குடித்தோமா என்பது நினைவில்லாமல் மறுபடி எழுந்தாள். பக்கத்து மேஜைக்காரர், "என்ன மேடம், நடைப்பயிற்சியா?" என்றார்.

அவள் படித்த காலத்தில் குணம் எங்கிருந்து வருகிறது என்று ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒரு பேராசிரியர், எல்லாம் ஐந்து வயதுக்குள் அடிமனசில் எழுதி முடிந்துவிடுகிறது என்பார். இன்னொருவர், சூழ்நிலை பழக்கியபடிதான் மனிதன், அடிமனசாவது மண்ணாவது என்பார். மூன்றாமவர் அகராதியிலுள்ள குணச்சொற்களை எல்லாம் போட்டுச் சலித்தால் கடைசியில் ஐந்தே ஐந்து மிஞ்சும் என்று விரல் விட்டு எண்ணுவார்: புதுமையில் நாட்டம், பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம். நாலாமவர், நாம் இருக்கிற நிலைக்கும் இருக்க ஆசைப்படுகிற நிலைக்கும் உள்ள தூரம்தான் நம் துன்பம் என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். பரீட்சையில் நாலு பேரையும் ஒரே அளவில் புகழ்ந்து எழுதி முதல் வகுப்பு வாங்கியவள் நம் கேள்விக்காரி. அவளுக்கு எந்தக் கட்சி பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அலமாரி அறைக்குப் போனாள். அட்டை என்றால் எந்த அட்டை என்று அவளுக்குத் தெரியும், மொத்தம் எண்பது. அதற்கு ஒரு கோப்பும் உண்டு. ஒன்பது நிபுணர்கள் கூடி, நிறைவான மனம் உள்ள ஒரு மனிதர் அந்த அட்டைகளை எப்படி அடுக்குவார் என்று வரிசைப்படுத்தி வைத்த பட்டியல்.

எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

பத்து நிமிஷம் படித்தாள். முகம் சுட்டது. வேலைக்கு வருகிற யாராவது இதைச் செய்திருந்தால் அவர்கள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போட்டிருப்பாள்.

ஆனால் வாலுவை நினைத்தால் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இல்லத்து வாசலில் அந்தப் பெண் இவர்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள். நேராக ஓடிப்போய் லிஃப்ட்காரரின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா வந்தாச்சு!" என்றாள். பிறகு நிமிர்ந்து இவளைப் பார்த்து, "ஆன்ட்டியும் வந்தாச்சு" என்றாள்.

லிஃப்ட்காரர் கண் கலங்கிவிட்டார். இவள் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்புக்குள்ளே வயிறு பற்றி எரிந்தது. கட்டின புருஷன் மேல், அதுவும் ஒரு நாலு வயசுக் குழந்தை கட்டிக்கொண்டதற்காகப் பொறாமைப்படுகிறவள் எப்படி அம்மாவாக முடியும்? வெளியே தெரிந்தால் யார் கொடுப்பார்கள்? அந்த நினைப்போடுதான் மறுநாள் முந்நூறு கேள்விக்கு விடை எழுதினாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்பாகவே அதிகாரி வந்துவிட்டார். கட்டையாக வெட்டிய நரைமுடி, தோளில் பெரிய பை. உட்கார்ந்ததும் இரண்டு டம்ளர் டீ குடித்தார். அண்ணி பின்னாலேயே வந்தார். கேள்விக்காரியைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்து, "வரச் சொன்னாங்க, வந்தேன்" என்றார்.

"வாங்க அண்ணி."

"ம்."

அதிகாரி மூன்று கட்டு அட்டைகளை எடுத்து வைத்தார். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வாக்கியம். ஒன்பது வரிசையாக அடுக்க வேண்டும். இடது ஓரத்தில் 'கொஞ்சமும் பொருந்தாது', வலது ஓரத்தில் 'அப்படியே பொருந்தும்'. இரண்டு ஓரத்திலும் மும்மூன்று அட்டைக்கு மேல் வைக்கக் கூடாது.

"மூணுதானா?" என்றார் லிஃப்ட்காரர். "எனக்கு அவளைப் பத்தி நல்லதா முப்பது தோணுது."

"மூணுதாங்க. ஒருத்தரைப் பத்தி மூணுதான் சொல்லலாம்னா எதைச் சொல்வீங்கங்கறதுதான் விஷயம்."

அண்ணி அட்டைக் கட்டை உள்ளங்கையில் எடை போட்டுப் பார்த்தார். "இதெல்லாம் எதுக்குங்க? ஏத்தத்துல வண்டியை நிறுத்தச் சொல்லணும். பின்னாடி ஒரு லாரி ஹார்ன் அடிக்கணும். ரெண்டே நிமிஷத்துல ஆளு யாருன்னு தெரிஞ்சுடும். முப்பது வருஷமா பாக்கறேன்."

"லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னாலும் தெரியும்க்கா" என்றார் தம்பி. "சிலர் கதவை உதைப்பாங்க, சிலர் பக்கத்துல இருக்கற ஆளுக்குத் தைரியம் சொல்வாங்க."

"நீங்க ரெண்டு பேரும் எங்க அலுவலகத்துக்கே வந்துடலாம்" என்றார் அதிகாரி. "இப்போ அடுக்குங்க. ஒருத்தரோடதை ஒருத்தர் பாக்கக் கூடாது."

லிஃப்ட்காரர் கூடத்துத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். அண்ணி படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கேள்விக்காரி சாப்பாட்டு மேஜையில். எதிரே அதிகாரி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு.

இருபது நிமிஷத்தில் அடுக்கி முடித்தாள். பார்த்தாள். மத்தியானம் படித்த பட்டியல் அப்படியே மேஜை மேல் கிடந்தது. கலைத்தாள்.

மறுபடி அடுக்கினாள். பட்டியல் மாதிரி இருக்கக் கூடாதே என்று நாலு அட்டையை வேண்டுமென்றே இடம் மாற்றினாள். அது இன்னும் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. கலைத்தாள்.

மூன்றாவது தடவை ஓர் அட்டையோடு கை நின்றுவிட்டது. 'நெருங்கியவர்கள் மீதே பொறாமைப்படுபவர்.' இடது பக்கம் கொண்டுபோனாள். வலது பக்கம் கொண்டுவந்தாள். நடுவில் வைத்தாள். கூடத்தில் லிஃப்ட்காரர் எப்போதோ அடுக்கி முடித்துவிட்டு மெல்லச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். எண்பது அட்டைக்கு எட்டு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை அந்த மனுஷன்.

அவள் எல்லா அட்டைகளையும் வாரி ஒரே கட்டாக்கி அதிகாரியின் பக்கம் தள்ளினாள்.

"என்னால முடியாதுங்க."

"ஏம்மா?"

"எனக்கு விடை தெரியும். எதை எங்க வச்சா நீங்க என்ன எழுதுவீங்கன்னு தெரியும். இன்னிக்கு மத்தியானம் அந்த நிபுணர் பட்டியலை எடுத்து வேற படிச்சேன். இதுக்கு மேல நான் எதை வச்சாலும் அது நான் இல்லை. வேணும்னே தப்பா வச்சாலும் நான் இல்லை."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் வாலு கைவிட்டுப் போய்விட்டாள் என்று உறைத்தது.

அதிகாரி கோபிக்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "இதுக்கும் விதியில ஒரு இடம் இருக்கு. தன்னைத் தானே அடுக்க முடியாதவங்க, மத்தவங்க அடுக்கினதைப் படிச்சுப் பார்த்து, இதுதான் நான்னு கையெழுத்துப் போடலாம். கையெழுத்துப் போட்டா அதுதான் குழுவுக்குப் போகும். போடறீங்களா?"

"யார் அடுக்கினது?"

"ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அண்ணியையும் லிஃப்ட்காரரையும் கூப்பிட்டார். இரண்டு அடுக்குகளும் மேஜைக்கு வந்தன. முதலில் லிஃப்ட்காரருடையது. வலது ஓரத்து மூன்று அட்டைகளை அதிகாரி ஒவ்வொன்றாகப் படித்தார்.

"அமைதியானவர். எதையும் மறைக்காதவர். பொறாமை அறியாதவர்."

லிஃப்ட்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். பரிசு கொண்டுவந்தவர் முகம் அது. கேள்விக்காரியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதிகாரி அவளுடைய பழைய விடைத்தாளை எடுத்து அந்த அடுக்குக்குப் பக்கத்தில் வைத்தார். மெதுவாகத்தான் சொன்னார். "உங்க விடைத்தாள்ல இருக்கற ஆளும் இவர் அடுக்கினதுல இருக்கற ஆளும் ஒருத்தர்தாம்மா, மேடு பள்ளமே இல்லாத ஆளு. அதுல ஒண்ணு செல்லாதுன்னு காலையிலேயே சொல்லிட்டேன்."

லிஃப்ட்காரரின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முந்நூறு கேள்வியோடு அவள் நாடகம் முடிந்தது என்றல்லவா நினைத்திருந்தாள்? பதினோரு வருஷமாக அந்த மனுஷனிடமும் அதே விடைத்தாளைத்தான் நீட்டி வந்திருக்கிறாள். அவர் பாவம், நம்பி மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

அடுத்தது அண்ணியுடையது.

"தன்னை யாருக்கும் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயப்படுபவர். நெருங்கியவர்கள் மீதே பொறாமைப்படுபவர். எடுத்த காரியத்தை விடாதவர்."

"அக்கா!" என்று கத்தினார் லிஃப்ட்காரர். "இதுதான் சமயம்னு பழி வாங்கறியா? குழந்தை விஷயம்க்கா இது!"

"கத்தாதடா. நான் பார்த்ததைத்தானே வைக்க முடியும்?" அண்ணி முதல்முறையாகக் கேள்விக்காரியை நேராகப் பார்த்தார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி என்கிட்ட வண்டி கத்துக்க வந்தியே, ஞாபகம் இருக்கா? உன் கூட இன்னொரு பொண்ணு வந்தா. அவளை ஒரு நாள், ஒரே ஒரு தடவை, 'பிரமாதம்'னு சொல்லிட்டேன். அடுத்த மூணு நாள் நீ கியர் போட்ட போடுல என் வண்டி அழுதுச்சு. சரி, இவ இனிமே வரமாட்டான்னு நினைச்சேன். நாலாம் நாள் எல்லாருக்கும் முன்னாடி வந்து நின்னே. அவ லைசென்ஸ் வாங்காமலே நின்னுட்டா. நீ வாங்கினே."

கேள்விக்காரி அந்த மூன்று அட்டைகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இடது ஓரத்தையும் படிங்கம்மா" என்றார் அண்ணி அதிகாரியிடம். "வலது பக்கத்தை மட்டும் படிச்சு என் மானத்தை வாங்காதீங்க."

அதிகாரி படித்தார். "கொஞ்சமும் பொருந்தாது. மனதில் பட்டதை உடனே சொல்பவர். தோல்வியை எளிதாக எடுத்துக்கொள்பவர்." நிறுத்தி, மூன்றாவதைக் கையில் எடுத்தார். "அன்பில்லாதவர்."

ஆறு நாளாக, அண்ணிக்குத் தன்னைக் கண்டாலே ஆகாது என்று மருகிக்கொண்டிருந்தவளுக்கு அழுகை வந்தது. கர்ச்சீப்பைத் தேடினாள். அண்ணி தன் முந்தானையை நீட்டப் போய், கூச்சப்பட்டு, மேஜை துடைக்கிற துணியை எடுத்து நீட்டினார். அதிலேயே துடைத்துக்கொண்டாள்.

"பேனா குடுங்க" என்றாள்.

"யோசிச்சுப் போடுங்க. குழுவுல ஏழு பேர். பொறாமைங்கற வார்த்தையைப் பார்த்து ரெண்டு பேராவது புருவத்தைத் தூக்குவாங்க."

"தெரியும்."

அண்ணியின் அடுக்கைக் குறித்த தாளின் கீழே கையெழுத்துப் போட்டாள். லிஃப்ட்காரர் அந்தக் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு குனிந்து, தான் அடுக்கிய எண்பது அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஓரம் தட்டிச் சமமாக்கி, அதிகாரியிடம் கொடுத்தார்.

அதிகாரி பையை மாட்டிக்கொண்டார். வாசலில் திரும்பி நின்று, "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வாலுவை இங்க அழைச்சிட்டு வர்றோம். சாயங்காலம் அஞ்சு வரைக்கும் இருப்பா. எங்க ஆள் ஒருத்தர் ஓரமா உட்கார்ந்து பாப்பார். வீட்ல நீங்க மட்டும்தான் இருக்கணும்மா. உங்களை உங்க வீட்டுக்காரரோட சேர்த்துத்தான் அந்தக் குழந்தை பார்த்திருக்கு" என்றார்.

அண்ணியும் கூடவே இறங்கிப் போனார். படியில் பாதி இறங்கியவர், "நாளைக்கு எனக்குப் பத்து மணிக்கு வகுப்பு இருக்கு. ஆனா போன் கையிலதான் இருக்கும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். லிஃப்ட்காரர் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். கழுவியதையே மறுபடி கழுவினார். தண்ணீரை நிறுத்தாமல், திரும்பாமல் கேட்டார்.

"யார் மேல பொறாமை?"

"உங்க மேல."

"என் மேலயா? நான் என்ன பண்ணேன்?"

"அவ ஓடி வந்து உங்களைக் கட்டிக்கறா. உங்களை அப்பாங்கறா, என்னை ஆன்ட்டிங்கறா. எனக்கு வயிறு எரியுது. ஞாயித்துக்கிழமையிலேருந்து எரியுது."

குழாயை மூடினார். ஈரக் கையோடு திரும்பி நின்றார். அவர் கோபத்தை அவள் பார்த்திருக்கிறாள், கவலையைத் தினமும் பார்க்கிறாள். இந்த முகம் புதுசாக இருந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க என்னைப் பத்தி அடுக்கி வச்சிருந்ததெல்லாம் சரிஞ்சுடுமேன்னு பயம்."

"சரிஞ்சுதான் போச்சு" என்றார் அவர்.

அந்த இரண்டு வார்த்தை அவளை அறைந்தது. இன்னும் எதையாவது சொல்வார் என்று காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"நாளைக்கு வந்ததும் என்னைத்தான் தேடுவா" என்றார் கடைசியாக.

"தெரியும்."

"நான் இல்லைன்னா அழுவா. அவ அழுதா லேசுல நிக்காது, கீழே புரண்டு அழுவா. பத்து மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும். அந்த ஆள் வேற உட்கார்ந்து எழுதிட்டு இருப்பார்."

"தெரியும்."

"அப்போ நீ என்ன பண்ணுவே?"

எத்தனையோ பதில் அவள் வாய்வரை வந்தது. எல்லாமே முழு மதிப்பெண் வாங்குகிற பதில். ஒன்றையும் அவள் சொல்லவில்லை.

"தெரியலைங்க" என்றாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலை."

அவர் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வந்து, அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.